மூச்சு விட்ட இடத்தில் விடை

பள்ளி முதல்வர் ஃபாங்குக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆங்கிலத்தின் மேல் அவருக்கு இருந்த பக்தி ஊரறிந்தது. நாட்டையே இரட்டை மொழி நாடாக்கப் போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்ததிலிருந்து, மின்ஷியோங் என்ற சிற்றூரில் இருந்த அந்த மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலப் பலகை மாட்டாத பொருள் எதுவும் மிஞ்சவில்லை. குப்பைத் தொட்டிக்கு ஒரு பலகை, தண்ணீர்க் குழாய்க்கு ஒரு பலகை, வாசலில் நின்ற கொய்யா மரத்துக்கும் ஒரு பலகை. மரத்தின் பலகையில் எழுத்துப் பிழை இருப்பதை லியாவ் யீஜென் சுட்டிக் காட்டியபோது, "மரத்துக்குத் தெரியவா போகுது டீச்சர்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

யீஜென் அந்தப் பள்ளியில் இருபது வருடமாக ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, யாரிடமும் அதிகம் ஒட்டவுமில்லை. சக ஆசிரியர்கள் அவளுக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு முறை யோசிப்பார்கள். வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டாள். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் லேசாகக் கீழே இறங்கும். அது போதும், எதிரில் இருப்பவருக்கு அன்றைய சாப்பாடு இறங்காது.

பேராசிரியர் காவ் மிங்ஸே தலைநகர் தைபேயிலிருந்து வந்து இறங்கிய அன்று அந்த உதடு நாள் முழுக்க இறங்கியே இருந்தது.

ஆராய்ச்சிக்காக வந்திருந்தார் அவர். சீனம் பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் காதால் கேட்டால் நன்றாகப் புரிந்துகொள்கிறார்களா, கண்ணால் படித்தால் நன்றாகப் புரிந்துகொள்கிறார்களா என்பது கேள்வி. ஒரே கதை, ஒரே கேள்விகள். ஒரு வகுப்புக்கு ஒலிபெருக்கியில் கதையைப் போட்டுக் காட்டுவார்கள். பக்கத்து வகுப்புக்கு அதே கதையை அச்சடித்துக் கொடுப்பார்கள். யாருக்கு மதிப்பெண் அதிகம் என்று பார்ப்பார்கள். இதைச் சொல்லி முடிக்கப் பேராசிரியர் ஆசிரியர்கள் அறையில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதற்குள் வான்கோழிச் சோற்றுப் பொட்டலங்கள் ஆறிப்போயின.

"நாம பேசுற மொழியில ஒரே ஓசைக்கு நாலு ராகம்" என்றார் பேராசிரியர். "அம்மாவும் 'மா', குதிரையும் 'மா', ராகத்தை வெச்சுதானே பிரிக்கிறோம்? அதனால நம்ம பிள்ளைங்க காது பொறக்கும்போதே தீட்டின காது. இது என்னோட துணிபு."

"ஆகா" என்றார் முதல்வர்.

"அப்போ போன வருஷம் வந்த வெள்ளைக்காரப் பையன் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டதுக்கு எங்க கிளாஸ் லீடர் 'எனக்குப் பதினேழு வயசு'ன்னு சொன்னானே, அது எந்த ராகம் சார்?" என்று யீஜென் கேட்டாள்.

பேராசிரியர் சிரித்தார். ஊர்ப்புற ஆசிரியைகளின் நகைச்சுவையை மதிக்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

தேர்வு நடந்தது. யீஜெனின் வகுப்புக்குக் கேட்கும் பங்கு. ஒலிபெருக்கிப் பெட்டி மக்கர் பண்ணாமலிருக்க அதன் தலையில் வழக்கம்போல் ஒரு பச்சைப் பொட்டலச் சோளப்பொரியை வைத்திருந்தார்கள். அதை வைத்தால் இயந்திரம் சொன்னபடி கேட்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பெட்டி மக்கர் பண்ணவில்லை. ஆனால் பக்கத்திலிருந்த விமானத் தளத்திலிருந்து போர் விமானங்கள் தலைக்கு மேலே பறந்ததால் பதிவை இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. ஓடியது ஒரு பெண் குரல். பேராசிரியரின் மாணவி யூநிங் வாசித்துப் பதிவு செய்திருந்தாள்.

மேற்பார்வைக்கு நின்ற யீஜென், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அது அவள் கண்ணில் பட்டது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவரும் அசையவில்லை. எல்லோர் கண்ணும் கேள்விக்கு நான்கு விடைகள் அச்சிட்ட தாளில். பிறகு ஒரு இடத்தில், அத்தனை தலையும் ஒன்றாகக் குனிந்தன. வயலில் கொக்குக் கூட்டம் ஒரே நேரத்தில் மீனைக் கொத்துகிற மாதிரி. பென்சில்கள் ஓர் இழுப்பு இழுத்தன. மறுபடியும் சிலையானார்கள். கொஞ்சம் கழித்து மறுபடியும் ஒரு கொத்து.

முடிவு வந்ததும் பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. கேட்ட வகுப்பு தொண்ணூறைத் தாண்டியிருந்தது. படித்த வகுப்பு ஐம்பதில் முக்கிக்கொண்டிருந்தது. இப்படியொரு இடைவெளியை யாருமே கண்டதில்லை என்று அவர் முதல்வரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாளே வாசலில் சிவப்புத் துணியில் "காது திறந்த பள்ளி" என்று பதாகை ஏறிவிட்டது. கொய்யா மரத்தின் பலகை அதன் பின்னால் மறைந்தது ஒன்றுதான் யீஜெனுக்கு அதில் கிடைத்த ஆறுதல்.

அவள் வகுப்பின் முதல் மாணவன் போயெனைத் தாழ்வாரத்தில் நிறுத்தினாள்.

"டேய், உண்மையைச் சொல்லு. எல்லாரும் ஒண்ணா எப்படிடா குனிஞ்சீங்க?"

"அதுவா டீச்சர்? அந்த அக்கா மூச்சு இழுத்தாங்கல்ல."

"என்ன மூச்சு?"

போயென் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "விடை இருக்கிற வாக்கியத்துக்கு முன்னாடி அந்த அக்கா ஒரு மூச்சு இழுக்கிறாங்க. கவனமா படிக்கணும்னு. அதுக்கப்புறம் வர்ற வார்த்தை தாள்ல எங்க இருக்கோ அதைத் தட்டிட வேண்டியதுதான். முதல் கேள்வியிலேயே பிடிச்சிட்டோம்."

"கதையை யாரும் கேக்கலையா?"

"கதையைக் கேட்டா மூச்சை விட்டுடுவோமே டீச்சர். டியூஷன்ல சொல்லிக் குடுத்திருக்காங்க. ஏன், நீங்களே முதல் வருஷத்துல சொல்லிக் குடுத்தீங்களே, 'முழுசா புரிஞ்சுக்கணும்னு மெனக்கெடாதீங்க, வார்த்தையைப் பிடிங்க'ன்னு."

யீஜெனின் உதடு இறங்கப் பார்த்தது. யாரைப் பார்த்து இறங்குவது என்று தெரியாமல் பாதியில் நின்றது.

அவள் ஒலிப்பதிவைத் தானே போட்டுக் கேட்டாள். பையன் சொன்னது சரி. யூநிங்கின் குரல் சீராக ஓடிக்கொண்டே வந்து, திடீரென்று சின்னதாக 'ஸ்' என்று மூச்சை இழுத்து, ஒவ்வொரு சொல்லாக அழுத்தி வைக்கும். குருடன் தெருவைக் கடக்கிற மாதிரி.

யூநிங்கைத் தனியாகப் பிடித்தாள். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சார் அந்த வரிகளுக்கு அடியில சிவப்புல கோடு போட்டுக் குடுத்தார் டீச்சர். 'இங்க தெளிவா படிம்மா, ஆராய்ச்சியே இதுலதான் இருக்கு'ன்னார். எனக்குப் பதட்டம். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னாடி மூச்சு முட்டுச்சு. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க, நான் பட்டம் வாங்கணும்."

"உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கம்மா" என்றாள் யீஜென். "மூச்சு விட்டதுக்கு யாரும் பட்டத்தைப் பிடுங்கமாட்டாங்க."

பேராசிரியரிடம் அவள் விஷயத்தை நேராகவே சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "லியாவ் டீச்சர், உயிரோட இருக்கிறவங்க எல்லாரும் மூச்சு விடறவங்கதான்" என்றார்.

"சரி சார். அப்போ உறுதிப்படுத்துறதுக்கு இன்னொரு தேர்வு வெச்சுப் பார்த்துடலாமே? கதை நான் எழுதறேன், வாசிக்கிறதும் நானே."

உறுதிப்படுத்துதல் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. கட்டுரையில் அதற்கென்று ஒரு பகுதி காலியாகவே கிடந்தது.

யீஜென் ஒரு கதை எழுதினாள். ஒரு ஊரின் மேயர் திருவிழா ஊர்வலத்துக்காகக் குதிரை ஒன்றை வாங்குகிறார். அது பத்து வருடம் பால் வண்டி இழுத்த குதிரை. மேயர் மார்பு நிறையப் பதக்கத்தோடு ஏறி உட்கார்ந்ததும், குதிரை வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்கிறது. உள்ளேயிருந்து பெண்கள் பால் குவளையோடு ஓடி வருகிறார்கள். மேயர் குதிரை மேலிருந்தே குனிந்து, "இன்னைக்குப் பால் இல்லம்மா" என்று ஒவ்வொருத்தியிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகிறார். எழுதும்போது யீஜெனுக்கே சிரிப்பு வந்தது. அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

கேள்விகள் சுலபம். குதிரை ஏன் வாசலுக்கு வாசல் நின்றது? பெண்கள் கையில் என்ன இருந்தது? இப்படி. ஆனால் மூச்சை மட்டும் அவள் வேறு இடத்தில் வைத்தாள். கதையின் ஓரத்தில், 'மேளச் சத்தம் காதைப் பிளந்தது' என்று ஒரு வரி. அதற்கு முன் ஒரு மூச்சு. 'குழந்தைகள் கொடி அசைத்தார்கள்' என்று ஒரு வரி. அதற்கு முன் ஒரு மூச்சு. மேளமும் கொடியும் தாளில் தவறான விடைகளாகக் காத்திருந்தன.

தேர்வன்று முதல்வரும் பேராசிரியரும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் கைபேசியில் மாநாட்டுக்காரர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். முதல்வர் கைகளைக் கட்டிக்கொண்டு, சங்கீதம் கேட்பவர் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

யீஜென் வாசித்தாள். குதிரை முதல் வாசலில் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. பெண் ஒருத்தி குவளையோடு ஓடி வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. மேயர் மன்னிப்புக் கேட்டார். வகுப்பில் ஒரு புன்னகைகூட இல்லை. எல்லாத் தலையும் தாளின் மேலே விறைத்து, மூச்சுக்காகக் காத்திருந்தன. அவள் மூச்சை இழுத்தாள். அத்தனை பென்சிலும் ஒன்றாகக் கொத்தின.

அப்போது ஜன்னலோரக் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கி, முடியாமல், மூக்கு வழியாகப் பீறிட்ட சிரிப்பு. கே யூலான். வகுப்பின் கடைசி மாணவி. பள்ளிப் பரீட்சையில் ஆங்கிலத்தில் முப்பதைத் தாண்டியதே இல்லை. கேள்வித்தாளின் விடை எதுவும் சரியாக இல்லை என்று மூன்று தடவை சண்டை போட்டு, மூன்று தடவையும் திட்டு வாங்கியவள்.

"ஏம்மா பொண்ணு! பரீட்சை நேரத்துல என்ன இளிப்பு?" என்று முதல்வர் அதட்டினார்.

"குதிரை சார்…" என்றாள் யூலான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எந்தக் குதிரை?" என்றார் முதல்வர்.

அன்று மாலையே திருத்தினார்கள். ஒரே ஒருத்தியைத் தவிர வகுப்பு முழுக்க மேளம், கொடி என்று வரிசையாகத் தட்டியிருந்தது. யூலான் மட்டும் எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தாள். யீஜென் தாள்களை இரண்டு கட்டாகப் பேராசிரியர் முன் வைத்தாள். ஒரு கட்டு உயரமாக இருந்தது. இன்னொரு கட்டில் ஒரே தாள்.

"இப்பவாவது நம்புறீங்களா சார்?"

பேராசிரியர் நெடுநேரம் தாள்களைப் புரட்டினார். அவர் முகம் மெல்ல மலர ஆரம்பித்தது.

"என்ன ஒரு ஒற்றுமை!" என்றார் அவர். "டீச்சர், இத்தனை பிள்ளைங்க, எல்லாரும் ஒரே விடை. இப்படியொரு ஒத்திசைவை நான் எந்தத் தேர்விலும் பார்த்ததில்லை. ஒரு கேள்விக்கு வகுப்பே சேர்ந்து ஒரே பதிலைச் சொல்லுதுன்னா, தப்பு வகுப்பு மேலயா இருக்கும்? விடைக்குறிப்பு மேலதான் இருக்கும்."

"சார், கதையை எழுதினதே நான்!"

"எழுதினவங்களுக்கு எப்பவும் ஒரு பாசம் இருக்கத்தான் செய்யும்."

முதல்வருக்கு இது உடனே விளங்கிவிட்டது. "முப்பது பேர் சொல்றது தப்பு, ஒருத்தி சொல்றது சரியா? யோசிச்சுப் பாருங்க டீச்சர், மேளச் சத்தம் பலமா இருந்தா குதிரை மிரண்டு நிக்கத்தானே செய்யும்? நியாயமாத்தான் இருக்கு."

யூலானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். விடை முன்கூட்டியே வெளியே போயிருக்குமோ என்று முதல்வருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டியபடியே வந்து நின்றாள்.

"குதிரை ஏன் நின்னுச்சுன்னு எழுதியிருக்கே?" என்று கேட்டார் பேராசிரியர்.

"அது பால் வண்டிக் குதிரை சார். பழக்கம். அதான் கதையே."

"மேளத்தைப் பார்த்துப் பயந்திருக்கலாமே?"

"பயந்த குதிரை ஓடும் சார். வாசல் வாசலா நின்னு பால் ஊத்தாது."

யீஜென் வாயைப் பொத்திக்கொண்டாள். பேராசிரியர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ரொம்பக் கனிவாக, கூட்டத்தில் ஒட்டாமல் விலகி நிற்கிற ஒரு விடையைக் கணக்கிலிருந்து நீக்குவதுதான் ஆராய்ச்சி மரபு என்று விளக்கினார். விடைக்குறிப்பு திருத்தப்பட்டது. மேளம் சரி, கொடி சரி. கேட்ட வகுப்பின் சராசரி முதல் தடவையைவிட ஏறியது. திருத்திய குறிப்பின்படி யூலானுக்குக் கிடைத்தது பூஜ்யம்.

பள்ளியில் ஒரு விதி இருந்தது: தேர்ச்சிக் கோட்டுக்குக் கீழே போனவர்கள் மாலையில் சிறப்பு வகுப்புக்கு வர வேண்டும். இந்தத் தடவை கீழே போனது ஒரே ஒரு ஆள். சிறப்பு வகுப்பை எடுக்க வேண்டியவள் வகுப்பாசிரியை. அதாவது யீஜென்.

"இதை நான் எடுக்கமாட்டேன்" என்றாள் முதல்வரிடம்.

"அப்போ பொண்ணைக் கைவிட்டுடறீங்களா?" என்று முதல்வர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். யீஜென் மேலும் வாதாடியிருக்கலாம். கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களை நினைத்துப் பார்த்ததும், அவர்களிடம் போய்க் குதிரைக் கதையைச் சொல்வதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது மரியாதையாகப் பட்டது.

மாலையில் காலி வகுப்பறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். யூலான் பபிள் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இவ்வளவு இங்கிலீஷ் எப்படிடி புரியுது?"

"கேம் ஆடுவேன் டீச்சர். காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு. எங்க அணியில நியூசிலாந்துக்காரி ஒருத்தி, போலந்துக்காரன் ஒருத்தன். நேரத்துக்கு 'இடதுபக்கம் வர்றாங்க'ன்னு சொல்லலைன்னா எல்லாரும் செத்துடுவோம். அங்க நாலு விடை எல்லாம் கிடையாது."

பிறகு அவள் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள். கடகடவென்று, சொற்களை முழுங்கி, இடையில் சிரித்துக்கொண்டே. யீஜெனுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. இருபது வருடத்தில் எந்தப் பிள்ளையும் தனக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்பதற்காக அவளிடம் ஆங்கிலம் பேசியதில்லை.

"என்ன சொன்னே?"

யூலான் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பேராசிரியரையும் முதல்வரையும் அந்தக் குதிரை மேல் ஏற்றிவிட்டால் எந்த வாசலில் போய் நிற்கும் என்று கேட்டிருந்தாள். யீஜென் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவளுக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது. ஊரையே இளப்பமாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், முப்பது மதிப்பெண் பெண்ணிடம் இரண்டாம் முறை கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"சரி டீச்சர், வேலையை ஆரம்பிங்க" என்றாள் யூலான்.

"என்ன வேலை?"

"அந்த மூச்சு வித்தையைச் சொல்லிக் குடுங்க. சார் மூணாவது தடவையும் வரப்போறாராம். அப்புறம் பெரிய பரீட்சை வேற. எனக்கும் காலேஜ் போகணும்ல? இப்படியே சரியா எழுதிக்கிட்டு இருந்தா யார் என்னைச் சேர்த்துப்பாங்க?"

யீஜென் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அன்னாசித் தோட்டங்களுக்கு மேலே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பெண்ணுக்குக் கல்லூரி வேண்டியிருந்தது. அவள் ஒலிப்பதிவுப் பெட்டியை இழுத்து வைத்தாள்.

"முதல்ல, கதையைக் கேக்காதே" என்றாள்.

"அது கஷ்டம் டீச்சர்."

"பழகிடும். தாளை மட்டும் பாரு. குரல் எங்க மாறுதுன்னு மட்டும் பாரு. யார், எங்க, ஏன் எதுவும் மனசுக்குள்ள போகக்கூடாது. போச்சுன்னா நீ தொலைஞ்சே."

யூலான் முதல் நாள் தோற்றாள். நல்ல வரி வந்தால் சிரித்துவிடுவாள். இரண்டாம் வாரத்தில் கொஞ்சம் தேறினாள். ஒரு நாள், பதிவில் ஒருத்தி செத்துப்போகிற இடத்தில், முகம் மாறாமல் பென்சிலை இழுத்தாள். யீஜென் அதைப் பார்த்து "நல்லது" என்றாள். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

மூன்றாவது தேர்வுக்குப் பேராசிரியர் புதுப் பதிவு கொண்டு வந்தார். இந்தத் தடவையும் யூநிங்தான் வாசித்திருந்தாள். இப்போது பட்டம் வாங்கியிருந்ததால் மூச்சு இன்னும் தாராளமாகக் கேட்டது. வகுப்பு ஒன்றாகக் குனிந்து ஒன்றாக நிமிர்ந்தது. ஜன்னலோரக் கடைசி பெஞ்சும் சேர்ந்து குனிந்தது. கணக்கிலிருந்து நீக்க ஒருவரும் இல்லை.

சிறப்பு வகுப்பின் வெற்றி என்று முதல்வர் படம் எடுக்கச் சொன்னார். நடுவில் யூலான், ஒரு பக்கம் முதல்வர், மறுபக்கம் பேராசிரியர். பேராசிரியர் தன் கட்டுரை வெளிநாட்டு இதழ் ஒன்றில் ஏற்கப்பட்ட செய்தியைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். யீஜெனையும் ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றாள்.

கூட்டம் கலைந்த பின் அவள் யூலானின் தாளைக் கையில் கொடுத்தாள். முழு மதிப்பெண்.

"கதை எப்படி இருந்தது?" என்று கேட்டாள். "சிரிப்பு வந்துச்சா?"

யூலான் தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"யாருக்குத் தெரியும் டீச்சர்? நான் எங்க கேட்டேன்?" என்று சொல்லிவிட்டு, பேருந்தைப் பிடிக்க ஓடினாள்.